வீட்டில் கார் கட்டும் தம்பிகளுக்கு: ஹேண்ட் பிரேக் பற்றி

சொந்தமாக ஒரு கார் கட்டிவிட வேண்டும் என்று பட்டறைக்கு வரும் பிள்ளைகள் எஞ்சினைப் பற்றி நாள் முழுக்கக் கேட்பார்கள். ஹேண்ட் பிரேக்கைப் பற்றிக் கேட்பவர் அரிது. கல்வராயன் மலை ஏறி இறங்கும் ஊரில் இருந்துகொண்டு அதைக் கடைசி வேலையாக வைப்பது தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. இரும்பை வெட்டும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. முழுக்கப் புது வண்டி என்றால், மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி அதன் மாதிரி புனே ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஒரகடம் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையத்தில் தேற வேண்டும். இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய ஒற்றைக் காரைத் தனியாகச் சோதித்துப் பதிவு செய்ய வழி இருக்கிறது. இங்கே அப்படி எளிய வழி இல்லை.

மகாராஷ்டிரத்துச் சாங்லி மாவட்டத்தில் ஒரு பட்டறைக்காரர் பழைய இரும்பில் சின்ன ஜீப் ஒன்று கட்டியது 2021-இல் நாடெங்கும் பேசப்பட்டது. அது விதிக்கு உட்படாது, என்றைக்காவது அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள் என்று மகிந்திரா குழுமத் தலைவர் ஆனந்த் மகிந்திராவே சொல்லி, அதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு பொலீரோ கொடுத்தார். அந்த மனிதரின் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் அவர் வண்டிக்கு ரோட்டில் இடம் கிடைக்கவில்லை. உங்கள் வண்டி சொந்த நிலத்துக்குள் ஓடுமா, கல்லூரிப் போட்டிக்கா, சோதனை நிலையம் வரை போகுமா என்று முதலில் முடிவு கட்டுங்கள். எதுவானாலும் பிரேக்கை மட்டும் ரோட்டுக்கான அளவில் கட்டுங்கள்.

2. விதி 96 காருக்கு இரண்டு தனித்தனி பிரேக் கேட்கிறது: காலால் அழுத்துவது ஒன்று, பார்க்கிங் பிரேக் ஒன்று. ஒன்று செத்தாலும் மற்றது உயிரோடு இருக்க வேண்டும்.

3. ஆயிலால் இழுக்கும் ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். பந்தயக் காரில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறார்கள். சீல் லேசாகக் கசிந்தாலே ராத்திரிக்குள் அழுத்தம் இறங்கிவிடும். நிறுத்திய வண்டியைப் பிடித்து வைப்பது இரும்பும் கேபிளுமாகவே இருக்க வேண்டும். பிடித்து வைக்கும் பூட்டு முழுக்க மெக்கானிக்கலாக இருக்க வேண்டும் என்றுதான் ஐ.நா. விதிகளும் கேட்கின்றன.

4. முதல் வண்டி கட்டுபவருக்கு என் தேர்வு, பின் சக்கரத்தில் டிரம்மும் கேபிளும். மாருதி 800, ஆம்னி பின் ஆக்சிலை முழுசாக எடுத்தால் ஷூ, லீவர், கேபிள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியே வரும். உதிரியும் எங்கும் கிடைக்கும்.

டிஸ்க் போட்டே தீருவேன் என்றால், காலிபரிலேயே ஹேண்ட் பிரேக் லீவர் உள்ளதாகப் பாருங்கள். அதிலும் ஒரு ஆபத்து உண்டு. வெள்ளிமலையிலிருந்து பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கி, கோமுகி அணைப் பக்கம் சரிவில் நிறுத்துகிறீர்கள். டிஸ்க் கொதிக்கிறது. ஆற ஆற அது சுருங்கும், பேடின் பிடி தளரும். ஆளில்லாத வண்டி உருண்டுவிடலாம். டிரம்மில் இது தலைகீழ்: ஆறும் டிரம் ஷூவின் மேல் இறுகும். மலை வண்டிக்கு டிரம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். டிஸ்க் வைத்தவர்கள் சூடாக நிறுத்தினால் ஒரு பல் கூடுதலாக இழுத்து, கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுபடி இழுக்க வேண்டும்.

5. பழைய ஜீப்பின் டிரான்ஸ்மிஷன் பிரேக் வேண்டாம். அது சக்கரத்தை அல்ல, கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஷாப்டைப் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினாலோ, அது ஜல்லியில் வழுக்கினாலோ, டிப்ரன்ஷியல் வழியாகப் பிடி போய்விடும்.

6. கணக்குப் போடுங்கள். கார்களுக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 13-எச், ஆளும் பாரமும் ஏற்றிய வண்டி 20 சதவீதச் சரிவில், ஏற்றம் பார்த்தும் இறக்கம் பார்த்தும் நிற்க வேண்டும் என்கிறது. கை இழுப்பு 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது. ஏறக்குறைய 40 கிலோ. 900 கிலோ வண்டியை அந்தச் சரிவு கீழே இழுக்கும் விசை சுமார் 176 கிலோ. அதை இரண்டு பின் சக்கரங்கள் மட்டுமே தாங்க வேண்டும். வண்டி இறக்கம் பார்த்து நின்றால் பாரம் முன்னுக்குப் போய், பின் சக்கரத்தின் பிடி குறையும். அதனால் சோதனையில் இந்த நிலையைத் தவறவிடாதீர்கள்.

7. கேபிளைத் துண்டு போட்டுக் கிளாம்பில் இணைக்காதீர்கள். சேஸிஸ் நீளத்துக்கு ஏற்ப முனை அழுத்தியதாகச் செய்து வாங்குங்கள். சைலென்சர் பக்கம் போகக் கூடாது, இறுக்கமான வளைவு கூடாது. இரண்டு பக்கமும் சமமாக இழுக்க நடுவில் ஈக்வலைசர் வையுங்கள். இல்லையென்றால் ஒரு சக்கரம்தான் பிடிக்கும். ஐப்பசி மழையில் உறைக்குள் தண்ணீர் போய்த் துரு ஏறினால், போட்ட பிரேக் விடாது, விட்டது பிடிக்காது. மழைக்கு முன் ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.

8. லீவரின் அடித்தட்டைச் சும்மா தகரத்தில் போல்ட் போடாதீர்கள். சேஸிஸோடு சேர்ந்த தடித்த தகடு வேண்டும். லீவர் முழு தூரம் வந்துதான் பிடிக்கிறது என்றால் சரிசெய்யும் வேலை பாக்கி.

9. எவ்வளவு நல்ல பிரேக்கானாலும், கரியாலூர் ரோட்டில் நிறுத்தினால் கியரில் போடுங்கள், முன் சக்கரத்தை ஓரம் பார்த்துத் திருப்புங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சரிவுக்குக் கீழே வீடு இருக்கிறது, பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

10. வண்டியின் வரைபடம் தயாரானதும், வெல்டிங் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டிக் கேளுங்கள்.