ஒயிட்ஃபீல்டைத் தாண்டி ஒரு வீடு

ஒயிட்ஃபீல்டைத் தாண்டி, ஹொஸ்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறோம். ஊரில் சொந்தக்காரர்கள், "பெங்களூருன்னு சொல்லு இல்ல கிராமம்னு சொல்லு, ஏதாவது ஒண்ண சொல்லு" என்பார்கள். கடுகோடியில் மெட்ரோ ஏறும் கணவருக்குப் பெங்களூர். தூக்குவாளியோடு டெய்ரிக்குப் போகும் எனக்குக் கிராமம். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்று கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே வைக்கிறேன்.

முதலில் அந்த விளம்பரத் தாள்கள். ஏதோ மெடோஸ், ஏதோ கவுண்டி, ஏதோ வுட்ஸ். ராகி வயலுக்கு நடுவில் இங்கிலாந்துக் கிராமத்தை இறக்கிவிட்டதாகப் படம் போட்டிருப்பார்கள். சிரிக்கத் தோன்றும், ஆனால் இந்த ஆசைக்கு இங்கே வயது அதிகம். ஆங்கிலோ இந்தியச் சங்கத்தை நடத்திய டி. எஸ். ஒயிட் 1882-இல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையாரிடம் 3,900 ஏக்கர் மானியமாக வாங்கித் தொடங்கிய குடியிருப்புதான் ஒயிட்ஃபீல்டு. குமாஸ்தா வேலையையும் ரயில்வேயையும் நம்பியிருந்த தம் மக்களை விவசாயிகளாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நடுவே வட்டமாகப் பொதுப் புல்வெளி, அதைச் சுற்றி வீட்டுமனைகள், பின்னால் பயிர்நிலம். புல்வெளியும் வீடுகளும் வந்தன, விவசாயம் கைகூடவில்லை. கடைசியில் கோலார் தங்கவயலிலும் மற்ற இடங்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் தோட்டம் வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும் ஊராகிவிட்டது. இன்னர் சர்க்கிள் பக்கம் போனால் அந்த வட்டத்தை இன்றும் பார்க்கலாம். ஓட்டு வீடுகள்தான் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்தப் பெரியவர்களைக் காப்பாற்றியது நிலம் அல்ல, பென்ஷன். எங்களைக் காப்பாற்றுவதும் ஐ.டி.பி.எல். தொழில்நுட்பப் பூங்காப் பக்கமிருந்து வரும் சம்பளம். வயலைப் பார்த்தபடி காபி குடிக்கிறோம், அவ்வளவுதான். வயலை நடத்துகிறவர்கள் வேறு. தண்ணீர், கரண்ட், பால், வழி என்று நமக்கு வேண்டியதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. இது புரிந்துவிட்டால் இங்கே பாதிச் சிரமம் இல்லை.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊரில் முக்கியமான ஆள் பஞ்சாயத்துத் தலைவர் அல்ல, நீருகண்டி. முன்பு ஏரி மதகைத் திறந்து யார் வயலுக்கு எவ்வளவு என்று பாய்ச்சியவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். இப்போது ஏரிக்குப் பதில் போர்வெல்லும் மேல்தொட்டியும். மதகுக்குப் பதில் தெருமுனையில் சிமெண்டு மூடிக்குள் ஒரு வால்வு. எங்கள் நீருகண்டி அண்ணன் ஒரு நீளமான இரும்புச் சாவியோடு மொபெட்டில் வருவார், மூடியைக் காலால் தள்ளிவிட்டு உட்காராமலே குனிந்து திருகுவார். காற்று சீறிக் குழாய் இருமும், அப்புறம்தான் தண்ணீர். எந்தத் தெருவுக்கு எத்தனை திருகு என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை, அவர் மணிக்கட்டில் இருக்கிறது. அவருடைய போன் நம்பர் இல்லாமல் இங்கே குடிவராதீர்கள். "இவத்து கரெண்ட் இல்ல அக்கா, நாளெ பிடுத்தீனி" (இன்னைக்குக் கரண்ட் இல்ல, நாளைக்குத் திறந்துவிடறேன்) என்று காலையிலேயே சொல்லிவிட்டார் என்றால் துணி துவைப்பதைத் தள்ளிவைக்கலாம். இதற்கு ஈடான செயலி இன்னும் வரவில்லை.

காவிரி ஐந்தாம் கட்டக் குழாய் 2024 அக்டோபரில் திறந்தது, 2007-இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்காக. பஞ்சாயத்துக் கிராமம் அந்தக் கணக்கில் வராது. தரகர் "காவிரி வந்துடும் மேடம்" என்று சொன்னால் நீங்கள் நிற்கும் மண் பஞ்சாயத்தா மாநகராட்சியா என்று மட்டும் கேளுங்கள். வீடு பார்க்க ஏப்ரல் கடைசியில் வாருங்கள். செப்டம்பர் மழையில் எந்தப் போர்வெல்லும் நல்ல போர்வெல்தான். 2024 மார்ச்சில் நகரம் முழுக்கத் தண்ணீருக்கு அலைந்து, டேங்கர் விலைக்கு மாவட்ட நிர்வாகமே உச்சவரம்பு போட வேண்டி வந்தது. அந்த மாதத்தில் இந்த வீட்டில் என்ன செய்தார்கள் என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விசாரியுங்கள், வீட்டுச் சொந்தக்காரரிடம் வேண்டாம். மழைநீரை சம்ப்பில் இறக்குவது இங்கே அலங்காரம் இல்லை. 1,200 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு மில்லிமீட்டர் பெய்தாலே நூறு லிட்டருக்கு மேல் தேறும். பெங்களூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 970 மில்லிமீட்டர் பெய்கிறது. முதல் மழையைக் கீழே விட்டுவிட ஒரு வால்வு வையுங்கள், மாடியில் நெல்லிக்காய் வற்றல் காயவைக்கிறவர்கள் கட்டாயம் வையுங்கள்.

செய்திக்கு டெய்ரி. ஆறு மணிக்குக் கேன்களோடு வரிசை நிற்கும். செயலாளர் ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம் எடுத்து மெஷினில் விட்டுக் கொழுப்பு பார்ப்பார், சீட்டில் நம்பர் விழும், நம்பர் குறைந்தால் மாட்டுக்காரர் முகம் சுருங்கும். நந்தினி பாக்கெட்டாக நகரத்துக்குப் போகும் பால் இங்கிருந்துதான் கிளம்புகிறது. நான் வாங்குவது அரை லிட்டர், கேட்டுவருவது ஊர்ச் சங்கதி முழுக்க: எந்த டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது, யார் தோட்டத்தில் பாம்பு, எந்த வழியில் குழாய் தோண்டியிருக்கிறார்கள். வந்த புதிதில் 'மேடம்' என்றார்கள். கன்னடத்தில் தப்பும் தவறுமாகப் பேச ஆரம்பித்த பிறகு 'அக்கா' ஆனேன். அவர்களில் பாதிப்பேருக்குத் தமிழும் தெலுங்கும் தெரியும். தெரிந்தாலும் நாம் முதலில் கன்னடத்தில் தொடங்கினால்தான் அந்தப் பக்கத்திலிருந்து தமிழ் வரும்.

பாம்பு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இருக்கிறது. பெரும்பாலும் சாரை, நாகமும் கண்ணாடி விரியனும் உண்டு. செருப்பை உதறிப் போடுங்கள், செங்கல் குவியலைச் சுவரோரம் வைக்காதீர்கள், பாம்பு பிடிப்பவர் நம்பரும் விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் பக்கத்து மருத்துவமனையின் பெயரும் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கட்டும். கொசுதான் உண்மையான தொல்லை.

நவம்பர், டிசம்பரில் வண்டி ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். அறுத்த ராகிக் கதிரைத் தார்ச்சாலையில் விரித்துவிடுவார்கள், போகிற வருகிற வண்டிதான் போரடிக்கும் மாடு. இருசக்கர வண்டி அதில் வழுக்கும், இறங்கித் தள்ளுவது மேல். சாலை பொதுச் சொத்து என்று சண்டை போட்ட புதுக் குடித்தனக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டம் அவர்கள் பக்கம் இருக்கலாம். ஆனால் அதன் பிறகு அவர்கள் வீட்டு வாசலில் ஒரு டிராக்டர்கூட நிற்காது, மழையில் கார் சேற்றில் புதைந்தால் இழுக்கவும் வராது. பதிலுக்கு அந்த மாதங்களில் அவரைக்காய் வரும். பனிக்கால அவரைக்கு மேலே ஒரு பிசுபிசுப்பும் வாசனையும் உண்டு, அதற்குப் பெயர் சொகடு. விரலில் ஒட்டினால் சோப்புக்கும் போகாது. ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பில் சாறு வைத்து, சூடான ராகி முத்தெயோடு, அதாவது களியோடு, பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணம் வரும். கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள், கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடுங்கள். இது நம் ஊர் வழக்கமும்தானே.

ஊர்த் திருவிழாவான ஹப்பாவுக்கு மைக் செட் மூன்று நாள் ஓடும். தூக்கம் கெடும்தான். ஆனால் தலையில் தம்பிட்டு விளக்கோடு பெண்கள் வரிசையாக மாரம்மா கோயிலுக்குப் போவதைப் பார்த்தால் மாவிளக்கு போடுகிற வீட்டில் பிறந்தவளுக்குக் கால் தானாகப் போகும். வசூலுக்கு வரும்போது பேரம் பேசாதீர்கள்.

காகிதம் சுருக்கமாக. 2020-இல் கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகளை எடுத்த பிறகு விவசாயி அல்லாதவர்களும் பயிர்நிலம் வாங்கலாம். வாங்கலாம் என்பதால் வீடு கட்டலாம் என்று ஆகாது, அதற்குப் பயிர்நிலத்தை வீட்டுநிலமாக மாற்றும் கன்வெர்ஷன் வேண்டும். பஞ்சாயத்து மனை என்றால் இ-ஸ்வத்து என்ற பஞ்சாயத்துச் சொத்துப் பதிவு வழியாக வந்த படிவம் 9, 11 இரண்டையும் கேளுங்கள். கன்வெர்ஷன் ஆகாத நிலத்தை 'ரெவென்யூ சைட்' என்று சொல்லி விலை குறைக்கிறவரிடம் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். நிலத்தின் பழைய வரைபடத்தில் ஏரியோ, மழைநீர் ஓடும் ராஜகால்வாயோ அருகில் இருக்கிறதா என்று வக்கீலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை, பெருமழையில் அது வந்து சேரும் முதல் வீடு நம்முடையதாக இருக்கும்.

ஜன்னலுக்கு வெளியே தெரியும் பச்சைக்கு விலை கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் பத்திரத்தில் இல்லை. கடுகோடிக்கு மெட்ரோ 2023 மார்ச்சில் வந்தது. சென்னை விரைவுச்சாலை ஹொஸ்கோட்டையிலிருந்துதான் கிளம்புகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வயல் எத்தனை காலம் வயலாக இருக்கும்? எங்கள் பக்கத்து நிலக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். தாம் இருக்கும் வரைக்கும் ராகிதான் என்றார். அவர் மகன் ஐ.டி.பி.எல். பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனிடமும் அதையே கேட்டேன். வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, "அக்கா, உங்க சைடுல இப்ப சதுர அடி என்ன ரேட் போகுது?" என்றான்.