உழைக்கிற உடம்புக்கு ஒண்ணும் வராதா?

வடசென்னையில், வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ, ஒரு சாவு வீட்டுப் பந்தலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். “நேத்து ராத்திரிகூட நல்லாத்தான் பேசிட்டு இருந்தாரு. நெஞ்சைக் கரிக்குதுன்னாரு, சோடா வாங்கிக் குடுத்தோம். விடியறதுக்குள்ள…” என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். போனவருக்குப் பல நேரம் ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது. மாரடைப்பைப் பற்றி அங்கே உலவும் பேச்சுகளில் ஐந்தை மட்டும் உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: “ஹார்ட் அட்டாக் பணக்கார வியாதி.”

உண்மை: லண்டனில் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, அரசு ஊழியர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. உயரதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயில் இறப்பது மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் கசப்பானது. 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளுக்கு மாரடைப்போடு வந்த சுமார் 20,000 பேரைப் பதிவு செய்த ‘கிரியேட்’ ஆய்வு, 2008இல் லான்செட் இதழில் வெளியானது. 30 நாளுக்குள் இறந்தவர்கள், வசதியானவர்களில் நூற்றுக்கு 5.5 பேர், ஏழைகளில் 8.2 பேர். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, ஆஞ்சியோபிளாஸ்டி, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை எல்லாமே ஏழைகளுக்குக் குறைவாகத்தான் கிடைத்திருந்தன. சிகிச்சையில் இருந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் சரிசெய்ததும், சாவில் இருந்த ஏற்றத்தாழ்வு மறைந்துவிட்டது.

நம்பிக்கை 2: “மூட்டை தூக்குற உடம்பு. ஒல்லியா வேற இருக்கேன்.”

உண்மை: உடலுழைப்பு நல்லதுதான். ஆனால் கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னே தள்ளியிருந்தால் அது ஆபத்தான ஒல்லி. நம்மவர்களில் ஆணுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டக் கூடாது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த தெற்காசியர்களில் பாதிப் பேர் 53 வயதைத் தாண்டாதவர்கள்.

“ஒரு நாளைக்கு ஒண்ணுதான் பிடிக்கிறேன்” என்பதும் கைகொடுக்காது. தினம் ஒரு சிகரெட் பிடித்தாலே, இருபது பிடிப்பவருக்குக் கூடுகிற இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது. பீடிக்கும் விலக்கு இல்லை. அடுத்தது உப்பு. மதியத் தூக்குச்சட்டியில் பழைய சோறு, கூடவே சுட்ட கருவாடு, ஊறுகாய். காய்கறிக்குக் காசில்லாத தட்டில் ருசி கொடுப்பது உப்புதான். நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அது அடங்க வேண்டும்.

நம்பிக்கை 3: “கேஸ் பிடிச்சிருக்கு. சோடா குடிச்சா சரியாயிடும்.”

உண்மை: அதிகம் உயிர் குடிக்கும் நம்பிக்கை இதுதான். கிரியேட் ஆய்வில், ரத்தக் குழாய் முழுதாக அடைத்துக்கொண்டவர்களில் பாதிப் பேர் வலி தொடங்கி 6 மணி நேரம் கழித்தே மருத்துவமனைக்கு வந்தார்கள். அதற்குள், ரத்தம் கிடைக்காத இதயத் தசையில் பெரும் பகுதி செத்துவிடும். நெஞ்சில் பாரம் ஏற்றியதுபோல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்ப்பது, இவை வந்தால் கேஸா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியது ஈ.சி.ஜி. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி, குமட்டல் என்றும் வரலாம். “பொம்பளைங்களுக்கு ஹார்ட் அட்டாக் வராது” என்று நினைத்து வீட்டு வேலையைத் தொடர்வதால் அவர்கள் இன்னும் தாமதமாக வருகிறார்கள்.

நம்பிக்கை 4: “பிரஷர் நார்மலாயிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்.”

உண்மை: நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். நிறுத்தினால் சத்தமில்லாமல் ஏறும், தலைவலிகூட வராது.

நம்பிக்கை 5: “எல்லாம் அவனவன் கையில. குடியையும் பீடியையும் விட்டா போதும்.”

உண்மை: விட வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் சென்னையும் இடம்பெற்ற, 17 நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ‘ப்யூர்’ ஆய்வு 2014இல் சொன்னதைக் கேளுங்கள். இதய நோய்க்கான அபாயக் காரணிகள் குறைவாக இருந்தது ஏழை நாடுகளில். மாரடைப்பு, பக்கவாதச் சாவுகள் அதிகமாக இருந்ததும் அங்கேதான். பழக்கத்தை விட்டால் மட்டும் போதாது, சிகிச்சையும் கைக்கு எட்ட வேண்டும்.

சென்னையின் கூவம் கரையிலிருந்து நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பழைய இடத்தில் பாத்திரம் தேய்க்கும் வேலையை விடவில்லை. விடியற்காலை பஸ் பிடித்து, பொழுது சாய்ந்து திரும்புகிறார். அரசு ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை தரும் நேரமும் வேலை நேரமும் ஒன்றாக இருக்கும்போது, ஒரு நாள் கூலியா, ஒரு மாத மாத்திரையா என்பதுதான் அவர் முன் உள்ள கேள்வி. சுருக்குப் பையில் கிடக்கும் காலி அட்டையைப் பார்த்து அவரை அலட்சியக்காரி என்று சொல்வது எளிது. அதேபோல, ஆலைகள் சூழ்ந்த மணலி, எண்ணூர் காற்றைச் சுவாசிக்காதே என்று எந்த டாக்டரும் அறிவுரை சொல்ல முடியாது. காற்றில் உள்ள நுண்துகளும் ரத்தக் குழாயைக் கெடுக்கிறது.

வழி இருக்கிறது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. உங்கள் தெருவுக்கு வரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்போடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணையாக 14 மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் பிரஷரும் சர்க்கரையும் ஒரு முறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும். நெஞ்சு அழுத்தினால் சோடாவுக்கு ஆள் அனுப்பாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.