நிலையில்லாத வானிலை: ஆகஸ்ட் இறுதி முதல் தீபாவளி வரை

விடியற்காலை ஐந்து மணி. சன்னல் கதவு படீரென்று அடித்துக்கொள்கிறது. நேற்று மாலை காயப்போட்ட துணி இன்னும் வெளியே மூங்கில் கழியில் தொங்குகிறது. விளக்கைக்கூடப் போடாமல் எழுந்து ஓடுகிறீர்கள். தரையில் சாரல் அடித்திருக்கிறது. சன்னல் வழியாக உடம்பைப் பாதி வெளியே நீட்டிக் கழியை இழுக்கிறீர்கள். நனைந்த துணியோடு கழி கனக்கிறது, காற்று வேறு திசையில் தள்ளுகிறது.

அந்தத் துணியை விட்டுவிடுங்கள். நனைந்தால் மறுபடியும் துவைத்துக்கொள்ளலாம். இந்த ஏட்டில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது ஒன்று நின்றால் போதும். விளக்கைப் போட்டு, காலில் செருப்பு மாட்டி, சன்னலை மட்டும் மூடுங்கள். காற்று அடங்கிய பிறகு கழியை எடுக்கலாம்.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது, எப்போது வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும். வானிலை முன்னறிவிப்பைப் படிக்கப் பழகிக்கொண்டால் துணி காயப்போடும் நேரம் மட்டுமல்ல, சந்தைக்குப் போகும் நேரம், நடைப்பயிற்சி நேரம், மருத்துவரைப் பார்க்கப் போகும் நேரம் எல்லாவற்றையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

சுமத்ராவிலிருந்து வரும் காற்று

சிங்கப்பூரில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. நமக்கு இருப்பவை இரண்டு பருவக்காற்றுகளும் அவற்றுக்கு இடைப்பட்ட காலங்களும்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. இடையில் வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் காற்று வலுவிழந்து, திசை மாறி மாறி வீசும். ஊரில் ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று எண்ணும் மாதங்களில், இங்கே நாம் ஒரு பருவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் ஒரு நாள் போல இன்னொரு நாள் இருப்பதில்லை.

தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா தீவின் மீதும் மலாக்கா நீரிணையின் மீதும் இரவில் இடிமேகங்கள் ஒரு கோடுபோல வரிசைகட்டும். அந்த வரிசை கிழக்கு நோக்கி நகர்ந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ நம்மை வந்தடையும். இதையே சுமத்ரா சூறைக்காற்று என்கிறோம். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று திடீரென்று வீசும். கனமழை ஒன்றிரண்டு மணி நேரம் பெய்து ஓயும். முன்னறிவிப்பில் ‘விடியற்காலையில் பலத்த காற்றுடன் பரவலான இடியுடன் கூடிய மழை’ என்று கண்டால், அது பெரும்பாலும் இதைத்தான் குறிக்கிறது. அன்றிரவு படுக்கும் முன்பே கழிகளை உள்ளே எடுத்து, சன்னல் விளிம்பிலும் தாழ்வாரச் சுவரிலும் இருக்கும் பூந்தொட்டிகளைத் தரையில் இறக்கி வைத்துவிடுங்கள். பத்தாவது மாடியிலிருந்து விழும் ஒரு துளசித் தொட்டி கீழே போகிறவரின் உயிரைப் பறித்துவிடும்.

பிற்பகல் மழை வேறு வகை. வெயிலில் நிலம் சூடேறி, ஈரக்காற்று மேலெழும்பி, நம் தலைக்கு மேலேயே மேகம் கட்டும். கடற்காற்று உள்ளே புகுந்து அதற்கு வலு சேர்க்கும். அக்டோபரில் காற்று மெதுவாக வீசுவதால் மேகம் அங்கேயே தங்கி, அதே இடத்தில் கொட்டித் தீர்க்கும். மின்னலும் இந்த மாதங்களில் கடுமையாக இருக்கும். ஆண்டில் 160க்கும் மேற்பட்ட நாள்களில் இடி கேட்கும் தீவு இது.

அறிவிப்பில் உள்ள சொற்கள்

சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் மாதத்தின் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் தனித்தனியாக ஒரு கண்ணோட்டம் வெளியிடுகிறது. அடுத்த நான்கு நாள்களுக்கு ஓர் அறிவிப்பும், 24 மணி நேரத்திற்கு ஒன்றும், அடுத்த இரண்டு மணி நேரத்திற்கு ஒன்றும் உண்டு. ஒலி 96.8 வானொலியிலும் வசந்தம் தொலைக்காட்சிச் செய்தியிலும் நாம் கேட்பது இவற்றின் சுருக்கம்.

மாதிரிக்கு இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘பெரும்பாலான நாள்களில், காலையின் பிற்பகுதிக்கும் பிற்பகலுக்கும் இடையே, தீவின் சில பகுதிகளில் சிறிது நேரம் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.’ இதுபோன்ற வாக்கியங்களைத் தமிழில் எழுதும்போது எனக்கு எப்போதும் ஒரு கவலை உண்டு. படிப்பவர் ‘மழை’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார். ‘மழை வரும் என்றார்கள், ஒரு சொட்டுகூட விழவில்லை’ என்று காப்பிக்கடையில் பேச்சு எழுவது அதனால்தான்.

‘சில பகுதிகளில்’ என்றால் உங்கள் புளோக்கில் பெய்யாமலும் போகலாம். இடிமேகம் ஒன்றின் அகலம் சில கிலோமீட்டர்தான். தோ பாயோவில் சாக்கடை நிரம்பி ஓடும்போது ஈசூனில் வெயில் காயலாம். அறிவிப்பு தவறவில்லை. ‘பரவலாக’ என்றிருந்தால் மட்டுமே தீவு முழுவதும் நனையும் வாய்ப்பு அதிகம். ‘காலையின் பிற்பகுதி’ என்பது பத்து, பதினொரு மணியைக் குறிக்கும். அதாவது எட்டு மணிக்குச் சந்தைக்குப் போய் ஒன்பதரைக்கு வீடு திரும்பினால் பெரும்பாலான நாள்களில் நனையமாட்டீர்கள். பதினொரு மணிக்குக் கிளம்பினால் முதலில் வெயில், பிறகு மழை என்று இரண்டிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டு வாரக் கண்ணோட்டத்தைப் பொதுவான போக்கு அறியப் பயன்படுத்துங்கள். பலதுறை மருந்தகத்தில் முன்பதிவு இருக்கும் நாளுக்கு, முதல் நாள் மாலை 24 மணி நேர அறிவிப்பைப் பாருங்கள். அதில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்திய பகுதி என்று பிரித்துச் சொல்லியிருப்பார்கள். படி இறங்கும் முன் இரண்டு மணி நேர அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசியில் ‘மைஇஎன்வி’ செயலி இருந்தால் இவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். உங்களுக்கு அது பழக்கமில்லை என்றால் பேரப்பிள்ளையிடம் கேளுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

மழை நாள்களுக்கு நடுவே வரும் வெயில்

மழையை நாம் கண்ணால் பார்க்கிறோம். வெப்பம் அப்படியல்ல. மழைக்கு மறுநாள் வெயில் அடிக்கும்போது காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். எனவே 33 பாகை செல்சியஸ் என்று அறிவிப்பு சொன்னாலும், உங்கள் உடலுக்கு அது அதைவிடக் கடுமையான நாளாக இருக்கலாம். கடலிலிருந்து காற்று வீசும் சில இரவுகளில், குறிப்பாகத் தென்கரையிலும் கிழக்குக் கரையிலும், வெப்பநிலை 28 பாகைக்குக் கீழே இறங்காது. இரவில் ஓய்வு கிடைக்காத உடல் மறுநாள் வெயிலைத் தாங்கச் சிரமப்படும்.

2023ஆம் ஆண்டிலிருந்து வெப்ப அழுத்த அறிவிப்பும் வெளியிடப்படுகிறது. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் ஓர் எண் அதற்கு அடிப்படை. அந்த எண் 31க்குக் கீழே இருந்தால் குறைவு. 31 முதல் 33க்குள் மிதம். 33ஐத் தொட்டால் அதிகம். இது சாதாரண வெப்பநிலை எண் அல்ல என்பதைக் கவனியுங்கள். ‘31தானே’ என்று நினைத்துவிடாதீர்கள். ‘அதிகம்’ என்று காட்டும் நேரத்தில் மூத்தோர் வெளி வேலைகளைத் தள்ளிவைப்பதே நல்லது.

வயது கூடக் கூடத் தாகம் எடுக்கும் உணர்வு மங்கும். தாகம் இல்லை என்பதால் உடலில் நீர் போதுமான அளவு இருக்கிறது என்று பொருளல்ல. ரத்தக் கொதிப்புக்கோ இதயத்துக்கோ சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நீரிழப்பு இன்னும் விரைவாக வரும். இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, ‘வெயில் நாளில் நான் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்?’ என்று கேளுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் சிலருக்கு மருத்துவர் அளவு குறிப்பிட்டிருப்பார். அவர்கள் அந்த அளவைத்தான் பின்பற்ற வேண்டும். மற்றவர்கள் தாகத்துக்குக் காத்திராமல் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வழியில் கழிவறை கிடைக்காது என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் வெளியே போகும் பழக்கம் நம் அம்மாக்களிடம் நிறையவே உண்டு. எம்ஆர்டி நிலையத்திலும் உணவங்காடி நிலையத்திலும் சமூக மன்றத்திலும் கழிவறை இருக்கிறது. தயங்காமல் குடித்துவிட்டுப் போங்கள்.

தலைசுற்றல், தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்கோ குளிரூட்டிய இடத்துக்கோ போய் உட்காருங்கள். பேச்சு குழறினால், ஆள் யார் இடம் எது என்று தெரியாமல் தடுமாறினால், மயங்கி விழுந்தால் அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். உயிருக்கு ஆபத்து. 995ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்க வேண்டாம். மேல் துணியைத் தளர்த்தி, உடம்பில் தண்ணீர் தெளித்து, விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

புகைமூட்டம்

மழை குறையும் ஆண்டுகளில் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரியும் நெருப்பின் புகை தென்மேற்குப் பருவத்தில் இங்கே வரும். 2015 செப்டம்பர் 25ஆம் தேதி தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை, 200ஐத் தாண்டினால் மிகவும் ஆரோக்கியமற்ற நிலை, 300ஐத் தாண்டினால் அபாயம். இது 24 மணி நேரச் சராசரி, நாளைய திட்டத்துக்கு உதவும். இப்போதே கீழே இறங்கி நடக்கலாமா என்று முடிவு செய்ய, ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவைப் பாருங்கள். அது 55 வரை இருந்தால் வழக்கமான நிலை.

ஆஸ்துமா, நுரையீரல், இதய நோய் உள்ளவர்கள் மூச்சிழுப்பு மருந்து தீரும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து தீர்ந்து, புகையில் வரிசையில் நின்று வாங்கும் நிலை வரக்கூடாது. சாதாரண அறுவை முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது. என்95 தடுக்கும், ஆனால் மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அதை அணிந்தால் சிரமம் கூடலாம். முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புகை நாளில் சாம்பிராணியும் ஊதுபத்தியும் வீட்டுக்குள் வேண்டாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

மழைக்குப் பிறகு ஒரு வாரம்

ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த இடத்திலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். மழைநீர் பட்டவுடன் பொரிந்து, ஏழு முதல் பத்து நாள்களுக்குள் பறக்கும் கொசுவாகிவிடும். ஆகவே மழை விட்ட நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. பூந்தொட்டித் தட்டு, பாத்திரம் கவிழ்க்கும் தட்டு, மூங்கில் கழி செருகும் குழாய், பயன்படுத்தாத கழிவறை, சாமி மாடத்தில் பூ வைத்த செம்பு ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு காசளவு தண்ணீர் போதும் அதற்கு.

டெங்கி சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் மாத்திரைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். அவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். நிலவேம்புக் கஷாயம் குடித்துவிட்டு ‘நாளை பார்க்கலாம்’ என்று நாள் கடத்த வேண்டாம். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டெங்கியில் ஆபத்தான நேரம். அப்போது வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், அளவுமீறிய சோர்வு தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

விரதமும் தீமிதியும்

புரட்டாசி சனிக்கிழமைகளில் விரதம் இருப்பவர்கள், நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்களாக இருந்தால், முதல் சனிக்கிழமைக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். வெறும் வயிறும் வெயிலும் மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கக்கூடும். பெருமாள் கோயில் வரிசையில் நிற்கும்போது கைப்பையில் நான்கு சர்க்கரை மிட்டாய் இருக்கட்டும்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தீமிதிக்காக ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீ மாரியம்மன் கோயில் வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் பக்தர்களோடு நடப்பவர்கள் உண்டு. அது இடிமழைக் காலம். இடி கேட்டால் மரத்தடியிலும் திறந்த வெளியிலும் நிற்காமல் கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள். அடுக்குமாடிகளின் கீழ்த்தளம், பேருந்து நிலையம் எதுவானாலும் சரி. ஈரமான கோயில் தரையில் வெறுங்காலோடு நடக்கும்போது யாராவது ஒருவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தனியாக வசிக்கிறவர்கள், இந்த மாதங்களில் தினமும் ஒரே நேரத்தில், காலை பதினொரு மணிக்கு என்று வைத்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்கோ மகளுக்கோ ஒரு தொலைபேசி அழைப்பு கொடுங்கள். ஒரு நாள் அழைப்பு வராவிட்டால் வந்து கதவைத் தட்டச் சொல்லி வையுங்கள். சாவி ஒன்றையும் அவர்களிடம் கொடுத்து வையுங்கள்.