கணக்குக் கேட்கும் குடிமை

நுழையும்முன்

வீட்டிற்குக் கடன் வாங்குவதென்றால் குடும்பத்தார் கூடிப் பேசுகிறோம். ஊருக்குக் கடன் வாங்கும்போது யார் கூடிப் பேசுகிறார்கள்? அதனை அடைக்கப்போகும் மக்களின் சொல்லுக்கு அங்கே இடமுண்டா?

ஊரின் கடன்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கம் ஒரு காலத்தில் தனி நகராட்சி. 1866இல் தோன்றிய திருச்சிராப்பள்ளி நகராட்சி, 1994இல் திருவரங்கத்தையும் பொன்மலையையும் இணைத்துக்கொண்டு மாநகராட்சியாக உயர்ந்தது. ஊர் பெருகப்பெருகக் குடிநீரும் சாலையும் பாதாளச் சாக்கடையும் பெருக வேண்டும். இவற்றிற்கான பெருந்தொகையை ஓராண்டு வரியைக்கொண்டு ஈட்டுதல் இயலாது. ஆகவே உள்ளாட்சிகள் கடனை நாடுகின்றன. ஆசிய வளர்ச்சி வங்கி 2018இல் ஒப்புதல் அளித்த, தமிழக நகரங்களுக்கான 50 கோடி டாலர் கடன்திட்டத்தில் திருச்சிராப்பள்ளியும் இடம்பெற்றது.

கடன் தன்னளவில் தீதன்று. இன்று பதிக்கும் குழாய் நாளைய தலைமுறைக்கும் பயன்படுமாதலின், செலவில் ஒரு பங்கை அவர்களும் ஏற்பது முறையே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இன்று இருபதாண்டுக் கடன் ஒன்று பெறப்பட்டால், பதினாறு வயதினரான நீங்கள் முப்பத்தாறு வயதை எட்டும்போதுதான் அது தீரும். அதனை முடிவுசெய்யும் மன்றத்தைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு வாக்கு இல்லை; அடைக்கும் பொறுப்பில் மட்டும் பங்கு உண்டு.

எதிர்ப்பவரின் சொல்லும் அச்சேறும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், பொது வரிவருவாயை நம்பி ஒரு நகரம் கடன்பத்திரம் வெளியிட வேண்டுமாயின், வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரின் இசைவு வேண்டும். பள்ளிக் கட்டடங்களுக்கான கடனுக்கு, உரிய நிபந்தனைகளோடு 55 விழுக்காடு போதும் என 2000ஆம் ஆண்டில் விதி தளர்த்தப்பட்டது. கடனை ஆதரிப்போர் வாதத்தோடு எதிர்ப்போர் வாதமும் வாக்காளர் கையேட்டில் அச்சிடப்படுகிறது. எதிர்ப்பும் ஆட்சிமுறையின் ஓர் உறுப்பே என்பதை அந்நடைமுறை ஏற்றுக்கொள்கிறது.

நம் நாட்டில் ஊர்க்கடனுக்கென மக்கள் வாக்கெடுப்பு இல்லை. மாமன்றம் தீர்மானிக்கிறது, மாநில அரசு இசைவளிக்கிறது. மக்கள் நேரடியாகப் பேசும் இடம் கிராமசபையே. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அண்டை ஊராட்சிகளைத் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியோடு இணைக்கும் முன்மொழிவு வந்தபோது, அதவத்தூர் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். வரி உயரும், நூறுநாள் வேலை இல்லாமற்போகும் என்பன அவர்தம் அச்சங்கள். இணையும் ஊர் மாநகராட்சியின் வசதிகளில் பங்குபெறும். அதன் நிதிப்பொறுப்பிலும் பங்கேற்கும். எனவே, "எங்களைக் கேட்டீர்களா?" என்னும் வினா இணைப்புக்கும் பொருந்தும், கடனுக்கும் பொருந்தும்.

எதிர்ப்பு எப்போதும் சரியாகவே இருக்கும் என்பதில்லை. சாக்கடைத் திட்டம் தள்ளிப்போனால் கழிவுநீர் ஆற்றில்தான் கலக்கும். கீழ்மடை ஊர்கள் அதன் துன்பத்தை நுகரும். ஆகவே, எதிர்ப்போரும் தம் மறுப்புக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்களே.

ஆலந்தூர் காட்டிய வழி

சென்னையை அடுத்த ஆலந்தூர் நகராட்சி, 1990களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடைத் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டு இணைப்பு ஒன்றுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்கப்பட்டது. பணத்தைக் கட்டினால் பணி நடக்குமா என மக்கள் ஐயுற்றனர். நகராட்சித் தலைவர் குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டித் திட்டத்தையும் கட்டணத்தையும் விளக்கினார். மக்கள் தந்த தொகையோடு கடனும் சேர்ந்தது, திட்டம் நிறைவேறியது. ஐயத்தை அடக்காமல் அதற்கு விடை சொன்னதே அவ்வெற்றியின் வேர்.

தெரியுமா?

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகச் சோழன் காலக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) குடவோலை முறையை விளக்குகின்றன. ஊர்வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என அவை கூறுகின்றன.

நிறைவாக

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணக்குக் காட்டுதலைத் தகுதியாக வைத்த மரபு நம்முடையது. கணக்குக் கேட்போரை வளர்ச்சிக்குப் பகைவர் எனத் தள்ளுதல் அம்மரபுக்கு ஒவ்வாது. எவ்வளவு கடன், எத்தனை ஆண்டு, என்ன வட்டி, யார் அடைப்பர் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை பெற்றபின் தரும் இசைவே உறுதியானது. அவ்வினாக்களை எழுப்பும் பொறுப்பு விரைவில் வாக்காளராகும் உங்களையே சாரும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் கிராமசபை அல்லது பகுதிசபைக் கூட்டத்தைப் பார்வையிட்டு, அங்கு எழுந்த வினாக்களைத் தொகுத்து எழுதுக.

2. 'ஊர்க்கடனுக்கு மக்கள் வாக்கெடுப்பு தேவையா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.