தயிர் கடையும் கைச்சுற்று இயந்திரம்: எங்கே தவறு, எப்படித் திருத்தலாம்?

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நம் வகுப்பில் ரோபோ, மின்சாரக் கார், சூரிய சக்தி என்று ஆளுக்கொரு தலைப்பு கொடுத்துவிட்டார்கள். என் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு நண்பன், "ஏன்டா, வெண்ணெய் கடையறதுக்கு டிப்ளமோ வேற படிக்கணுமா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். மூன்று வருடப் பாடத்தில் நான் சரியாகப் புரிந்துகொண்டது எல்லாம் இந்த ஒரு இயந்திரத்தால் புரிந்ததுதான் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருக்கோவிலூரில் இருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். வீட்டில் ஒரு எருமை, ஒரு பசு. காலைப் பால் சொசைட்டிக்குப் போய்விடும். சாயங்காலப் பாலை உறை ஊற்றி, ரெண்டு நாளுக்கு ஒருமுறை கடைந்து, வெண்ணெயைச் சேர்த்து நெய் உருக்கி அம்மா விற்பார்கள். என் முதல் வருடப் பரீட்சைக் கட்டணமும், மினி டிராஃப்டரும் அந்த நெய்க் காசுதான். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்.

போன வருடம் அம்மாவுக்கு வலது தோள்பட்டையில் வலி வந்து கையைத் தூக்கவே முடியவில்லை. கொஞ்ச நாளைக்குக் கயிறு இழுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆயாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. நெய் நின்றுபோனால் எருமைக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது, விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. அப்போதுதான் மாமா ஒரு கைச்சுற்று இயந்திரம் வாங்கி வந்தார். எவர்சில்வர் பாத்திரம், மூடி, மூடியின் மேல் ஒரு ஜோடி பெவல் கியர், பக்கவாட்டில் ஹேண்டில், உள்ளே நான்கு இறக்கை வைத்த தண்டு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் நாள் முக்கால் மணி நேரம் சுற்றினோம். நுரை வந்தது, வெண்ணெய் வரவில்லை. அப்புறம் ஆயாதான் மத்தைப் போட்டு முடித்தார்கள். "படிக்கிற புள்ள நீ, இது என்னான்னு பாரு" என்று அம்மா சொன்னார்கள். மிஷின் பரண்மேல் ஏறிவிட்டது. அந்த வார்த்தை மட்டும் என் மேலேயே இருந்தது.

முதலில் வெண்ணெய் எப்படி வருகிறது என்று பார்ப்போம். பாலில் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொரு உருண்டையையும் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அந்த உறை இருக்கிற வரை உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாது. கடையும்போது தயிருக்குள் காற்றுக் குமிழிகள் புகுகின்றன. உருண்டைகள் குமிழியின் மேல் போய் ஒட்டுகின்றன, மோதுகின்றன, உறை கிழிகிறது, உள்ளே இருக்கும் கொழுப்பு ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது. ஆகவே வேண்டியது ரெண்டு: காற்று, மோதல். பாத்திரத்தில் பாதிக்கு மேல் தயிர் ஊற்றினால் காற்றுக்கு இடம் இல்லை. நாங்கள் முதல் நாள் முக்கால் பாத்திரம் ஊற்றியிருந்தோம். அது எங்கள் தப்பு. ஆனால் பாதி ஊற்றியும் மறுநாள் வெண்ணெய் சரியாக வரவில்லை. ஆக மோதலில்தான் கோளாறு.

இங்கே மத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆயா கடைவதை நான் பிறந்ததில் இருந்து பார்க்கிறேன், ஆனால் ஒரு நாளும் ஸ்கேல் வைத்துப் பார்த்ததில்லை. மத்துத் தண்டு கயிறு சுற்றும் இடத்தில் 25 மி.மீ. விட்டம். சுற்றளவு 78.5 மி.மீ. ஒரு இழுப்பில் கயிறு 47 செ.மீ. வருகிறது. கயிற்றின் தடிமனை விட்டுவிட்டால் ஒரு இழுப்புக்கு 6 சுற்று. வலது, இடது சேர்த்து நிமிடத்துக்கு 80 இழுப்பு என்று எண்ணினேன். 480 சுற்று! எந்தப் பல்சக்கரமும் இல்லாமல்.

கயிறு வழுக்காதா என்று கேட்பீர்கள். பெல்ட் டிரைவ் பாடத்தில் இறுகிய பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் உள்ள விசை விகிதம் படித்திருக்கிறோம் அல்லவா? கயிறு தண்டை ரெண்டு முழுச் சுற்று சுற்றியிருந்து, உராய்வுக் கெழு 0.3 என்று வைத்தால் விகிதம் சுமார் 43 வருகிறது. ஒரு கையில் லேசாகப் பிடித்திருந்தாலே போதும், கயிறு வழுக்காது. இந்தக் கணக்கு பரீட்சையில் எனக்குத் தப்பாகப் போனது. ஆயாவுக்கு ஒரு நாளும் தப்பியதில்லை.

ஆனால் முக்கியமான விஷயம் வேகம் இல்லை. திசை. ஒவ்வொரு இழுப்புக்கும் மத்து திசை மாறுகிறது. ஒரு வாளித் தண்ணீரில் கையை விட்டு ஒரே பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். முதல் நாலைந்து சுற்று கைக்கு கனமாக இருக்கும். பிறகு தண்ணீரும் கையோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும், நடுவில் குழி விழும், கைக்கு பாரமே தெரியாது. பாரம் இல்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். இப்போது கையைச் சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்புங்கள். தண்ணீர் அடித்து மோதும். அதைத்தான் மத்து நிமிடத்துக்கு 80 தரம் செய்கிறது. கைச்சுற்று இயந்திரத்தில் ஹேண்டில் ஒரே பக்கமாகத்தான் சுற்றுகிறது. வழவழப்பான வட்டப் பாத்திரம் வேறு. தயிர் முழுவதும் ஒரு கட்டியாக இறக்கையோடு சேர்ந்து உலா வருகிறது, அவ்வளவுதான். கயிற்றை எடுத்துவிட்டு ஹேண்டிலை வைத்தவர்கள், கயிறு சும்மா செய்துகொண்டிருந்த இந்த வேலையைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்து 1900-களின் தொடக்கத்தில் வந்த 'டேஸி' என்ற கைச்சுற்று வெண்ணெய் ஜாடி அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு புகழ்பெற்றது. அதன் படத்தைப் பார்த்தால் ஜாடி வட்டமாக இருக்காது, சதுர வாக்கில் இருக்கும். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். சதுர மூலைகள் சுற்றி வரும் பாலை உடைக்கின்றன என்பது இப்போதுதான் புரிந்தது.

நான் இதற்கு வருவதற்குள் ஒரு முட்டாள்தனம் செய்ய இருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். வெண்ணெய் வரவில்லை என்றதும், பல்சக்கர விகிதத்தைக் கூட்டிவிடலாம் என்று டிராயிங் போட்டேன். இருந்த விகிதம் 4. ஹேண்டிலை நிமிடத்துக்கு 60 தரம் சுற்றினால் இறக்கை 240. அதை 6 ஆக்கினால் 360. சார் பார்த்துவிட்டு, "பவர் என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார். தண்ணீர் விட்டுத் தளர்ந்த தயிருக்கு, தடுப்பு உள்ள பாத்திரத்தில் சக்தி ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். வேகம் ஒன்றரை மடங்கு என்றால் சக்தி 3.4 மடங்கு. ஹேண்டில் நீளம் 125 மி.மீ., கையில் 15 நியூட்டன், அதாவது ஒன்றரைக் கிலோ பாரம் என்றால் சுமார் 12 வாட். அது 40 வாட் ஆகும். கையில் ஐந்து கிலோ! தோள்பட்டை வலிக்காரிக்குச் செய்கிற மிஷினா இது? டிராயிங்கை மடித்து வைத்துவிட்டேன்.

தயிர் சேர்ந்து சுற்றாமல் இருக்க, பாத்திரத்தின் உள்சுவரில் நான்கு தடுப்புத் தகடு நிறுத்துவது ரசாயனத் தொழிற்சாலைகளில் வழக்கம். அகலம் பாத்திர விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. எங்கள் பாத்திரம் 220 மி.மீ., ஆக 22 மி.மீ. தகடு. அட்டையை வெட்டி உள்ளே நிறுத்திக் காட்டினேன். அம்மா சோதனை ஓட்டத்துக்கே சம்மதிக்கவில்லை. "இந்த சந்துல கையி போவுமா? ஊசிப்போன வாடை அடிக்கும், யாரு நெய் வாங்குவா?" ஒரு வரியில் டிசைன் ரிஜெக்ட். சொன்னது சரிதான். புளித்த தயிர் மூலையில் தங்கினால் அடுத்த தயிர் கெட்டுப்போகும்.

கடைசியில் செய்தது மிகவும் எளிது. தண்டைப் பாத்திரத்தின் நடுவில் இருந்து 40 மி.மீ. ஓரமாகத் தள்ளிவிட்டேன். மூடியில் புது ஓட்டை, பழைய ஓட்டைக்கு ஒரு மூடுதகடு. இறக்கையின் விட்டம் 90 மி.மீ., ஆகவே கிட்டத்துச் சுவருக்கும் இறக்கைக்கும் 25 மி.மீ. இடைவெளி இருக்கிறது. தண்டு ஓரத்தில் சுற்றும்போது ஒரு பக்கம் குறுகல், மறுபக்கம் அகலம். தயிரால் ஒரு கட்டியாகச் சுற்ற முடியாது, குழி விழாது. பாத்திரம் பழைய மாதிரியே வழவழப்பு, கழுவ சுலபம். வெல்டிங் பட்டறையில் ஒரு மணி நேர வேலை. அன்றைக்கு ஹேண்டிலைப் பிடித்ததுமே கைக்கு பாரம் தெரிந்தது. இருபத்தைந்து நிமிடத்தில் வெண்ணெய் திரண்டது. ஆயா மோரை விரலில் தொட்டுப் பார்த்து, "பரவால்ல" என்றார்கள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் சர்டிபிகேட் கிடையாது.

இந்த மோர் விஷயம் சின்னது இல்லை. நான்கு லிட்டர் பாலில் நூற்றுக்கு 6 பங்கு கொழுப்பு என்றால் சுமார் 240 கிராம். ரெண்டு லிட்டர் தண்ணீர் விட்டுக் கடைந்து, மோரில் நூற்றுக்கு ஒரு பங்கு கொழுப்பு தங்கிவிட்டால் 60 கிராம் போயிற்று. கால்வாசி! மிஷின் வெண்ணெய் தருகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, மோரில் எவ்வளவு விட்டுவிட்டது என்றும் பார்க்க வேண்டும். மோரை ஒரு ராத்திரி வைத்து மேலே ஆடை படிகிறதா என்று பார்ப்பது ஆயா முறை. கல்லூரியில் சோதிக்க கெர்பர் முறை இருக்கிறது.

"கிரீம் பிரிக்கும் மிஷின் வாங்கியிருக்கலாமே" என்று சிலர் கேட்டார்கள். ஸ்வீடன் நாட்டு டி லாவல் 1878-இல் கண்டுபிடித்த அந்த மையவிலக்கு இயந்திரம் அருமையானதுதான், கையால் சுற்றுவதும் உண்டு. ஆனால் அதில் மிஞ்சுவது கொழுப்பு எடுத்த பால். எங்களுக்கு மோர் வேண்டும். சித்திரையில் கழனிக்குப் போகிறவர்களுக்கு மோர்தான் சாப்பாடு.

அடுத்த கோளாறு சூடு. பால் கொழுப்பு ஒரே டிகிரியில் உருகுவதில்லை. கொஞ்சம் கெட்டியாகவும் கொஞ்சம் இளகலாகவும் இருக்கும் நிலையில்தான் உருண்டைகள் ஒட்டும். முழுக்க இளகிவிட்டால் வெண்ணெய் திரளாமல் எண்ணெய் மாதிரி ஆகிவிடும். பெரிய பால் பண்ணைகளில் கிரீமைப் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் குளிர்த்துக் கடைகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது நடக்காது. ஆயா விடியற்காலை ஐந்து மணிக்குக் கடைவதும், பானைத் தண்ணீர் விடுவதும், மார்கழியில் மட்டும் வெதுவெதுப்பாக விடுவதும் இதற்குத்தான். மண்பானை வியர்த்து வியர்த்துத் தானே குளிர்கிறது. எவர்சில்வர் வியர்க்காது. மே மாதம் ஒரு விடியற்காலை ரெண்டிலும் தெர்மாமீட்டர் வைத்தேன், மூன்று டிகிரி வித்தியாசம். ஆகவே இப்போது தயிரை மண்பானையில் உறைய வைத்து, காலையில் மிஷினுக்கு மாற்றுகிறோம். மிஷினைத் தண்ணீர் நிரப்பிய அகலத் தவலையில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றுகிறோம். செலவு ஒன்றும் இல்லை.

இதே யோசனை எத்தியோப்பியாவில் முன்பே வந்திருக்கிறது. அங்கே பெண்கள் தயிர் நிறைந்த மண்பானையைத் தரையில் ஆட்டி ஆட்டி மணிக்கணக்கில் கடைவார்கள். 1980-களில் அடிஸ் அபாபாவில் இருந்த பன்னாட்டு கால்நடை மையம், பானையை மாற்றாமல் உள்ளே சுழல மரக் கடைகோல் மட்டும் செய்து கொடுத்தது. கடையும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது. பானையை ஏன் விட்டுவைத்தார்கள் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

இனி உட்காரும் விஷயம். இந்த மிஷினை மேஜைமேல் வைத்துச் சுற்ற வேண்டும் என்று பெட்டியில் படம் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் மேஜை இல்லை. நம் திருக்கோவிலூர்க் கோவில் கதை தெரியுமல்லவா, ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற இடைகழி? எங்கள் வீட்டு நடையும் ஏறக்குறைய அதே அளவு. அம்மா தரையில் உட்கார்ந்துதான் சுற்ற முடியும். அப்படி உட்கார்ந்தால் ஹேண்டில் தோள் உயரத்துக்கு வந்துவிடுகிறது. வலிக்கிற தோளை மறுபடி தூக்கச் சொல்கிற மாதிரி! பழைய அடிக்கட்டையை எடுத்துவிட்டு, ஹேண்டில் அச்சு முழங்கை உயரத்துக்கு வரும்படி ஒரு தாழ்ந்த இரும்பு வளையம் போட்டேன். ஒரு பக்கம் பலகை நீட்டியிருக்கும், அதன்மேல் அம்மா உட்கார்ந்துகொண்டால் மிஷின் ஆடாது. ஹேண்டிலை இடது பக்கமும் மாட்டலாம். தோள் கொஞ்சம் தேறி, அம்மா சுற்ற ஆரம்பித்தபோது முதலில் பிடித்தது இடது கையால்தான்.

பல்சக்கரங்களில் இருந்து கிரீஸ் மோரில் சொட்டும் அபாயம் ஒன்று இருந்தது. தண்டின் மேல்பகுதியில் குடை மாதிரி ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு மாட்டினேன். தண்டைக் கழற்ற ஸ்பேனர் தேவைப்படாமல் ஒரு குறுக்கு ஆணி. தயிர் படும் இடத்தில் திருகு ஒன்றும் கிடையாது. பித்தளை இறக்கை போடலாம், பளபளப்பாக இருக்கும் என்று பட்டறைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். செம்பு கலந்த உலோகம் பட்டால் கொழுப்பு சீக்கிரம் காறிப்போகும்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. தயிர் வெண்ணெயாக மாறும் நேரத்தில் சத்தம் மாறும். அதுவரை 'சளக் சளக்' என்பது கனத்துப்போய், பிறகு தெளிந்துவிடும். அதைக் கேட்டுத்தான் ஆயா வேகத்தைக் குறைப்பார்கள். வெண்ணெய் மிளகு அளவுக்குத் திரண்டதும் நிறுத்த வேண்டும், மேலும் ஓட்டினால் மோரைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். இந்த மிஷினில் கியர் போடும் இரைச்சலில் தயிரின் சத்தம் கேட்பதே இல்லை. நைலான் பல்சக்கரம் ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதுவரை அம்மா இருபது நிமிடம் ஆனதும் சுற்றுவதை நிறுத்தி, மூடியைத் தூக்கி எட்டிப் பார்க்கிறார்கள். ஆயா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் நாலு சுத்து" என்கிறார்கள். எருமை இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது.