ஊரார் அமைத்த மாதிரி

மலையையும் ஆற்றையும் மேசைமீது கொண்டுவந்து ஆராய இயலாது. ஆதலின், அவற்றின் சிற்றுருவை அமைத்து, அதன் வாயிலாக அவற்றின் இயல்பினை அறிய முயல்வர். இச்சிற்றுருவே மாதிரி எனப்படும். அது மண்ணாலும் அட்டையாலும் அமையலாம். எண்களாலும் சமன்பாடுகளாலும் அமையலாம். நெடுங்காலம் மாதிரி அமைத்தல் அறிஞர்க்கே உரிய தொழிலாக இருந்தது. அறிஞர் முடிவு கூறினர், மக்கள் கேட்டிருந்தனர். கூறிய முடிவு நல்லதேயாயினும், மக்கள் அதனைத் தமதாகக் கொள்ளாமையால், பலவிடங்களில் அஃது ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. ஆகவே, ஒரு திட்டத்தால் நன்மை அடைவோரையும் இழப்பு உறுவோரையும் ஒருங்கே அமர்த்தி, அவர்களைக் கொண்டே மாதிரி அமைக்கும் முறை தோன்றியது. அங்ஙனம் அமைக்கப் புகுவோர் முன் முதலில் நிற்கும் வினா, எவ்வகை மாதிரியைத் தேர்ந்துகொள்வது என்பதாகும். பெரிய கருவியே சிறந்த கருவி என எண்ணுவோர் இவ்விடத்திலேயே வழி தவறுவர்.

கென்யா நாட்டின் மாவ் காட்டில் வாழும் ஓகியெக் மக்களுக்குத் தம் முன்னோர் நிலம் எது என்பதே சிக்கலாக இருந்தது. எனவே, 2006 ஆம் ஆண்டில் நெசுயிட் என்னும் ஊரில் நிலத்தின் புடைப்புருவம் ஒன்று அமைக்கப்பட்டது. அளவு, பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பள்ளி மாணவர் அட்டைகளை உயரக்கோட்டின்படி வெட்டி அடுக்கி ஒட்டினர். மூத்தோர், 1920களில் தம் காடு இருந்த நிலையை நினைவுகூர்ந்து, ஓடைகளுக்கும் குன்றுகளுக்கும் பெயர் சூட்டி, நூலாலும் வண்ணத்தாலும் எல்லை குறித்தனர். எழுத்தறியாதாரும் அவ்வுருவத்தைத் தொட்டுக் காட்டிப் பேச இயன்றது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் ரியோ கிராண்டே ஆற்றுப் பகுதியினர்க்கோ வினா வேறு. 2050 ஆம் ஆண்டுவரை வரவுக்கும் செலவுக்கும் நீர் போதுமா என அவர்கள் அறிய விரும்பினர். அதனை அட்டை சொல்லாது. ஆகவே அங்குக் கணிப்பொறி மாதிரியைத் தேர்ந்தனர்.

இனி, நிலமும் தெரியும், நீரின் அளவும் ஏறத்தாழத் தெரியும், ஆயினும் பூசல் தீரவில்லை என்னும் நிலையில் செய்யத்தக்கது யாது? இதற்குப் பூட்டான் நாட்டு உழவர் வரலாறு விடை தருகிறது.

அந்நாட்டில் லிங்முத்தேய்ச்சு என்னும் சிற்றாற்றின் கரையில் ஏழு ஊர்கள் உள்ளன. அவற்றுள் லிம்புகா மேல்மடையிலும் தொம்போலா அதன் கீழும் அமைந்தவை. பூட்டானியப் பஞ்சாங்கத்தின் ஐந்தாம் மாதத்துப் பத்தாம் நாள் வந்த பின்னரே மேலூரார் ஓடைநீரில் பாதியைக் கீழே விடுதல் வேண்டும் என்பது வழிவழி வந்த வழக்கம். அதுவரை தொம்போலாவின் நாற்று முதிர்ந்துகொண்டே இருக்கும். நடவு பிந்தினால் விளைவு குன்றும். கடைமடை உழவரின் இக்கவலை தமிழ்நாட்டார்க்குப் புதிதன்று. பூசல் முற்றியபோது இரு சாராரும் ஒருவரை ஒருவர் குறை கூறினரேயன்றி, கூடியமர்ந்து பேசினாரல்லர்.

2003 ஆம் ஆண்டில் பூட்டானியரும் பிரெஞ்சு நாட்டினருமான ஆராய்ச்சியாளர் இங்கு ஆட்டம் ஒன்றைக் கருவியாகக் கொண்டனர். அதற்குத் தக்க காரணம் இருந்தது. ஆப்பிரிக்காவின் செனெகல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் முன்னர் ஒரு கணிப்பொறி மாதிரியை அமைத்த ஆராய்ச்சியாளர், அதன் உள்ளமைப்பை உழவர்க்கு விளக்குதல் அரிதெனக் கண்டு, அதனையே எளிய ஆட்டமாகச் சுருக்கிக் காட்டினர். மேலும், ஊர்க்கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்க நாணுவதை ஆட்டத்தில் நாணமின்றிக் கேட்கலாம் அன்றோ?

இரண்டு ஊர்களிலிருந்தும் உழவர் வந்து அமர்ந்தனர். முழுப்பங்கு, அரைப்பங்கு, காற்பங்கு உடையோர்க்கும், பங்கின்றிப் பிறரைக் கேட்டுப் பெறுவோர்க்கும் ஆட்டத்தில் இடம் இருந்தது. அவ்வாண்டின் மழை மிகுதியோ குறைவோ என்பது சீட்டால் முடிவாகும். எத்தனை வயல் நடுவது, எஞ்சிய நீரை யாருக்கு விடுவது என ஒவ்வொருவரும் துணிதல் வேண்டும். முதலில் அவ்வவ்வூரார் தமக்குள் மட்டும் பேசி ஆடினர். அடுத்து இரண்டு ஊராரும் கலந்து பேசி ஆடினர். மூன்றாவது முறையில் இடம் மாறிற்று: மேலூரார் கீழூராராகவும், கீழூரார் மேலூராராகவும் ஆடினர். மடைத்தலையில் இருந்து பழகியவர், நீர் வருமோ வாராதோ எனத் தரிசு வயலை நோக்கிக் காத்திருக்கும் நிலையை அன்றே கண்டனர். தன் வயல் நிரம்புமுன் நீரை விடுதல் எத்துணை அரிது என்பதைக் கீழூராரும் உணர்ந்தனர்.

ஆட்டத்திற்கும் எல்லை உண்டு. சிலரே அமர இயலும். சில பருவங்களே கழியும். ஆதலின், உழவர் ஆடிய முறையையே விதிகளாகக் கொண்டு கணிப்பொறி மாதிரி ஒன்று பின்னர் அமைக்கப்பட்டது. நீர்ப்பகிர்வு உறவினர்க்குள் மட்டும் நிகழ்ந்தால் விளைவு யாது, ஊர் கடந்து நிகழ்ந்தால் விளைவு யாது எனப் பல ஆண்டுகளுக்கு அதில் கணக்கிட்டுப் பார்த்தனர். ஆட்டத்தில் அமர்ந்த உழவர்க்கு அக்கணக்கு மறைபொருளாகத் தோன்றவில்லை. விதிகள் அவர்கள் வகுத்தவையே. இரண்டு ஊரோடு தொடங்கிய பேச்சு நாளடைவில் ஏழு ஊர்க்கும் பரவி, நீர்ப்பிடிப்புப் பகுதியை மேற்பார்க்கும் பொதுக்குழு ஒன்று அமைவதற்கு வழி செய்தது.