மார்கழி வெந்நீரும் மீட்டர் கணக்கும்

பக்கத்திலேயே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து கரண்டு எடுக்கிறார்கள். அதற்காக நம்ம பண்ருட்டி வீட்டு மீட்டர் சும்மா ஓடுமா? வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பிக்கு நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 1,500 வாட் கம்பி 40 நிமிடத்திலேயே 1 யூனிட் இழுத்துவிடும். 20 லிட்டர் தண்ணீர் குளிக்கிற சூட்டுக்கு வர சுமார் அரை யூனிட். தினமும் நாலு வாளி என்றால் 2 யூனிட். இரண்டு மாதத்தில் 120 யூனிட்! 2016-ல் அரசு அறிவித்த இலவச 100 யூனிட்டையே இது தாண்டிவிடுகிறது.

நாம் செய்ய வேண்டியவை:

1. ஆளுக்குத் தேவையான தண்ணீரை மட்டும் சுட வைப்போம். பாதி வாளி என்றால் பாதிச் செலவு.
2. பிள்ளைகளைச் சாயங்காலம் குளிப்பாட்டலாம். பகலெல்லாம் வெயிலில் வைத்த தண்ணீர் இருக்கிறதே!
3. கம்பியைத் தண்ணீருக்குள் வைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.
4. சூடு பார்க்க விரலை விடவே கூடாது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும்.
5. இரும்பு, எவர்சில்வர் வாளி வேண்டாம். எர்த் உள்ள மூணு பின் பிளக்கில் மட்டும் போடுவோம். ஈரக்கை, வெறுங்கால் ஆகாது.

பணம் போனால் சம்பாதிக்கலாம், உயிர் போனால் வருமா? உங்கள் கம்பி எத்தனை வாட் என்று பார்த்து, அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள். சேர்ந்து கணக்குப் போடுவோம்.